நான்கெல்லையும் நீலப்புள்ளியும்

கிரயப் பத்திரங்களை யாரும் உரைநடையாகப் படிப்பதில்லை. ஆத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் பயிர்க்கடன் மனுக்களைப் பார்க்கும் குமாஸ்தா என்பதால் எனக்குப் படிக்க நேர்கிறது. ஓடைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, பங்காளி நிலத்துக்குக் கிழக்கு, ஏரிக்கரைக்குத் தெற்கு. இதைச் செக்குபந்தி என்பார்கள். அதை அடுத்து, பொதுக் கிணற்றில் நாலில் ஒரு பங்கும் மாமூல் தடத்தில் நடக்கும் பாத்தியமும் வரும். பக்கத்து நிலக்காரனைச் சொல்லாமல் என் நிலத்தைச் சொல்ல முடியாத மொழி இது.

1792இல் சேலமும் பாரமகாலும் கம்பெனி வசம் வந்தபின் அலெக்சாண்டர் ரீட் நிலத்தை அளந்து வரி விதித்தார். 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். பின்வந்த தலைமுறைகளின் அளவையில் நமக்குக் கிடைத்தது புலப்படம். அதில் நிலம் ஓர் எண். பார்ப்பவன் எங்கோ மேலே, வெளியே நிற்கிறான். 2000 மே மாதத்தில் அமெரிக்கா தன் செயற்கைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. பிற்பாடு கைபேசிக்குள் வந்த வரைபடத்தில் பார்ப்பவன் மறுபடி உள்ளே வந்துவிட்டான். ஆனால் தனியாக. ஒரு நீலப்புள்ளி, அது திரும்பினால் உலகம் திரும்புகிறது.

கடன் ஆய்வுக்குப் போனபோது எங்கள் அதிகாரி வயலில் நின்று கைபேசியில் இடக்குறியோடு படம் எடுத்தார். பெரியவர் எட்டிப்பார்த்துக் கேட்டார்: "இதுல நம்ம கெணத்துப் பங்கு எங்கங்க இருக்குது?" சித்திரை வெயிலில் அந்தப் பங்குதான் நிலம்.

பழையதற்காக அழுவது என் நோக்கமல்ல. எந்தத் தெருவில் யார் செருப்போடு நடக்கலாம் என்பதும் அந்த உறவறிவில் அடக்கம். நீலப்புள்ளி யாருடைய தெரு என்று கேட்பதில்லை. இது சிறிய லாபம் அல்ல.

ஆனால் இது கவிதைப் பிரச்னையும்கூட. திணை மரபில் நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள். கைபேசியும் தூரத்தை நிமிஷமாக்கித் தருகிறது. அது போய்ச்சேரும் பொழுது மட்டுமே, விதைக்கும் பொழுது அல்ல. நம் புதுக்கவிதையோ நீலப்புள்ளியைக் கைபேசிக்கு முன்பே கண்டுகொண்டது: நடுவில் 'நான்', சுற்றிலும் பெயரற்ற தெருக்கள். அன்று அது விடுதலை. இன்று ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருப்பதைக் கவிதை திரும்பச் சொல்வதில் என்ன இருக்கிறது?

இப்போது ஒரு கவிதையைப் படிக்கையில் நான் கேட்பது பெரியவரின் கேள்வியைத்தான். இதற்கு நான்கெல்லை எது? கிணற்றில் வேறு யாருக்குப் பங்கு?