பழைய எஞ்சினுக்குக் காது கொடுப்பது எப்படி?

இன்றைய கார்களில் எஞ்சின் ஓடுகிறதா என்பதையே மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அம்பாசிடருக்கு அந்த ஒளிவுமறைவு கிடையாது. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் தயாரிக்கத் தொடங்கி, 2014 வரை வெளிவந்த வண்டி அது. உள்ளே நடப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும். இரைச்சல் என்று ஒதுக்காமல் கேட்கப் பழகினால், மெக்கானிக் பானெட்டைத் தூக்கும் முன்பே பாதிக் கோளாறு உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

இதற்குச் சங்கீதக் காது தேவையில்லை, கேள்வியை மாற்றினால் போதும். ‘என்ன மாதிரி சத்தம்?’ என்றுதான் எல்லோரும் யோசிக்கிறோம். ஆனால் அதே ‘டிக்டிக்’ வால்வுகளை இயக்கும் டேப்பெட்டிலிருந்தும் வரும், சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்திலிருந்தும் வரும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ‘எப்போது வருகிறது?’ என்ற கேள்விதான்.

நலமாக இருக்கும்போது கேளுங்கள்

அம்பாசிடரில் நெடுங்காலம் வந்தது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. இதில் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கும். அது நீளக் கம்பிகளை மேலே தள்ளும். கம்பி ராக்கரை அசைக்கும். ராக்கர் வால்வை அமுக்கும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் ‘டேப்பெட் இடைவெளி’ எனப்படும் ஒரு மெல்லிய இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. சூட்டில் உலோகம் நீளும்போது வால்வு முழுதாக மூடாமல் போய்விடக் கூடாதே! அந்த இடைவெளி ஒவ்வொரு முறை அடைபடும்போதும் ஒரு சிறு தட்டல் எழும். எட்டு வால்வும் ஒரே சீராகத் தட்டினால் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் இருக்கும். அதுதான் ஆரோக்கியம். வண்டி நன்றாக இருக்கும் நாளில் இதைக் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வரும் மாற்றம் அப்போதுதான் தெரியும்.

காலை முதல் ஐந்து நிமிடம்

இரவு முழுக்க நின்ற எஞ்சின் எதையும் மறைக்காது. ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு நொடி கடகடத்து அடங்கினால், ஆயில் மேலே ஏறும்வரை பேரிங்குகள் காய்ந்து கிடந்தன என்று பொருள். அடங்காமல் தொடர்ந்தாலோ, ஆயில் விளக்கு அணையாவிட்டாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

சூடு ஏற ஏறக் குறையும் ‘லொடக் லொடக்’ பெரும்பாலும் பிஸ்டனுடையது. தேய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் பக்கவாட்டில் ஆடி இடிக்கிறது. பிளாக் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். சூட்டில் அலுமினியம் அதிகம் விரிவதால் இடைவெளி குறைந்து இடியும் அடங்குகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் (எஞ்சினுக்கும் புகைக் குழாய்க்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) கசிந்தாலும் குளிரில் ‘புஸ்க் புஸ்க்’ என்று வந்து, உலோகம் விரிந்து அடைத்ததும் நின்றுவிடும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு பாடம் உண்டு. சாவியைத் திருப்பும் முன் பானெட்டின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், விற்பவர் உங்களுக்கு முன்பே ஒருமுறை ஓட்டி வைத்திருக்கலாம். ஆறும்வரை காத்திருந்து கேளுங்கள்.

தாளத்தைப் பிடியுங்கள்

ரசனை தொடங்கும் இடம் இதுதான். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், ஒரு வால்வு 400 முறை திறக்கும். ஆகவே ஒரே ஒரு டேப்பெட் தளர்ந்திருந்தால் 400 தட்டல். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தால் அதற்கு இருமடங்கு.

இந்த வேகத்தை விரல்விட்டு எண்ண முடியாது. மெக்கானிக்கின் டைமிங் லைட் உதவும். அதை ஒரு பிளக் ஒயரில் மாட்டினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மின்னும். தட்டலும் மின்னலும் சேர்ந்தே வந்தால் சந்தேகம் மேலே வால்வுப் பக்கம் போக வேண்டும். ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டல் விழுந்தால் கீழே, கிராங்க் பக்கம்.

டேப்பெட் என்று தெரிந்தால் எது என்று கண்டுபிடிப்பது எளிது. ராக்கர் மூடியைக் கழற்றி, ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். எதில் நுழைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

ராடு பேரிங்கின் சத்தம் கனமானது, ‘டொக் டொக்’ என்று அடிவயிற்றிலிருந்து வரும். ரேஸ் கொடுத்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும் கணத்தில் தெளிவாகக் கேட்கும். பிளக் ஒயர்களை மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கழற்றுவார். எந்த சிலிண்டரின் வெடிப்பு நின்றதும் இடி மெலிகிறதோ, அங்கேதான் பேரிங் போயிருக்கிறது. ‘ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டினால் ராடு முறிந்து பிளாக்கையே உடைக்கலாம்.

இடத்தைத் தேடுங்கள்

ஒலி இரும்புக்குள் ஓடி வேறெங்கோ வெளிப்படும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் தேடல் சுருங்கும். தண்ணீர் பம்பில் ‘கரகர’ என்றால் அதன் பேரிங். முன்பக்க மூடியில் ‘சலசல’ என்றால் டைமிங் செயின். சந்தேகம் தீராவிட்டால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் காணாமல் போனால் எஞ்சினுக்குள் ஒன்றுமில்லை. பம்பு, டைனமோ, பெல்ட் இவற்றில் ஒன்றுதான். ஃபேன் அருகே குனியும்போது துண்டு, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவும் கூடாது. புகையில் உயிர்கொல்லி வாயு இருக்கிறது.

மேட்டிலும் சமவெளியிலும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கியரைக் குறைக்காமல் இழுத்தால் ‘கிணுகிணு’ என்று உலோகம் சிணுங்கும். பெட்ரோல் கலவை நேரம் தவறி வெடிக்கும் ‘பிங்கிங்’ அது. கியரைக் குறைத்தால் போக வேண்டும். அப்படியும் போகாவிட்டால், இக்னிஷன் டைமிங் முந்தியிருக்கலாம், சிலிண்டரில் கரி சேர்ந்திருக்கலாம், அல்லது எஞ்சின் அளவுமீறிச் சூடாகியிருக்கலாம். சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் உதறிக்கொண்டு ஓடினால், கனலும் கரியே பெட்ரோலைப் பற்றவைக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

நிற்கும் வண்டியில் நியூட்ரலில் கேட்கும் உறுமல் கிளட்சை மிதித்ததும் மறைந்தால், அது கியர்பாக்ஸின் பேரிங். மிதிக்கும்போது மட்டும் பிறந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஆளில்லாத சமவெளிச் சாலையில் நியூட்ரலில் உருளும்போதும் சத்தம் மாறாமல் தொடர்ந்தால், எஞ்சினை விட்டுவிட்டுச் சக்கரங்களைப் பாருங்கள்.

மௌனத்தையும் சந்தேகியுங்கள்

பி வரிசை எஞ்சின், ஈயம் கலந்த பெட்ரோல் புழங்கிய காலத்தில் பிறந்தது. வால்வு அமரும் இருக்கையை ஈயம் தேயாமல் காத்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டோடு அந்தப் பெட்ரோல் விடைபெற்றது. கடின இருக்கை பொருத்தாத பழைய எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையில் மெல்ல மெல்லப் புதையும். புதையப் புதைய டேப்பெட் இடைவெளி சுருங்கும், தட்டலும் குறையும். ‘வண்டி இப்போ ரொம்ப அமைதி’ என்று உரிமையாளர் மகிழும் வேளையில் வால்வு முழுதாக மூடாமல் கருகிக்கொண்டிருக்கும். லேசாகத் தட்டும் டேப்பெட்டைவிட ஊமையாகிப்போன டேப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

‘டேப்பெட் போயிடுச்சு’ என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். கேட்டதை மட்டும் சொல்லுங்கள்: ‘காலையில் ஸ்டார்ட் ஆனதும் வருது, சூடானதும் நின்னுடுது, கிளட்ச் மிதிச்சாலும் மாறலை.’ இந்த மூன்று வரியிலேயே கியர்பாக்ஸ் விலகிக்கொள்கிறது. மிஞ்சுவது பிஸ்டனும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டும். கேஸ்கெட் கசிந்தால் இணைப்பில் கரிக்கோடு படிந்திருக்கும். டார்ச் அடித்து அதை நீங்களே பார்க்கலாம். ஒன்றுக்கு ஒரு தகடு மாற்றினால் முடிந்தது. மற்றதற்கு எஞ்சினையே பிரிக்க வேண்டும். எதற்குப் பணம் கட்டப்போகிறீர்கள் என்பதை அந்தக் கரிக்கோட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.