கண்ணாடிக் குழாயில் ரத்த ஓட்டம்

தலைமுடிக் கனமே உள்ள கண்ணாடிக் குழாய்க்குள் ரத்தத்தை ஓடவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது கேட்க எளிது. செய்யப் போனால் கண்ணாடியே முதல் எதிரி. உருண்டைக் குழாய் ஒளியை வளைத்து, விளிம்பில் இருப்பதையெல்லாம் கோணலாக்கிவிடும். அதனால் கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் எண்ணெயில் குழாயை மூழ்கவைப்பார்கள். வெளிச்சுவர் பார்வையிலிருந்து கரைந்துபோகும். எனக்கு இதுவே பாதி அழகு.

இரண்டாவது எதிரி ரத்தமேதான். அதில் ஏறத்தாழ 45 சதவீதம் சிவப்பணுக்கள். அந்த நெரிசலில் எந்த அணுவைத் தனியாகப் பார்ப்பது? கனடாவின் மான்ட்ரியலில் ஹாரி கோல்ட்ஸ்மித் இதற்கு ஒரு வழி கண்டார். (அவருடைய ஆசான் மேசன் காகிதக் கூழின் ஓட்டத்தை ஆராய்ந்தவர். அந்தப் பள்ளியில் படித்தவர் ரத்தத்துக்கு வந்ததில் வியப்பில்லை.) அணுக்களிலிருந்து ஹீமோகுளோபினை வெளியேற்றினால் நிறமற்ற வெற்றுக்கூடுகள் மிஞ்சும். அந்தக் கூட்டத்துக்குள் சில முழு அணுக்களை மட்டும் கலந்துவிட்டார். நெரிசல் அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரிவது அந்தச் சில அணுக்கள்தான். அவையும் நொடியில் பார்வையைத் தாண்டி ஓடிவிடுமே? ஓட்டம் போகும் திசைக்கு எதிராகக் குழாயையே நகர்த்தினார். பக்கத்துத் தண்டவாளத்தில் நம்மோடு அதே வேகத்தில் வரும் ரயிலின் பயணியைப் போல, அணு கண்ணெதிரே நின்றது.

நின்ற அணு சும்மா இருக்கவில்லை. அண்டை அணுக்கள் இடிக்க இடிக்க நெளிந்தது, வளைந்தது, இப்படியும் அப்படியும் தள்ளாடி நகர்ந்தது. கெட்டியான வட்டாக அதைப் பாடப்புத்தகத்தில் வரைகிறவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஓட்டத்தில் அணுக்கள் சுவரை விட்டு நடுப்பக்கம் ஒதுங்குகின்றன. சுவரோரம் வெறும் பிளாஸ்மா மெல்லிய படலமாக வழுக்குகிறது. ஸ்வீடனின் ஃபோரியஸும் லிண்ட்க்விஸ்டும் 1931-இல் வெளியிட்ட வியப்புக்கு விளக்கம் இந்தப் படலத்தில் இருக்கிறது: 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே, குழாய் குறுகக் குறுக ரத்தத்தின் பிசுபிசுப்பும் குறைகிறது.

இன்னும் குறுக்கினால் அணுக்கள் ஒற்றை வரிசையில், பாராசூட் போலக் குவிந்து வருகின்றன. அணுவின் விட்டம் சுமார் 8 மைக்ரான். குழாய் அதைவிடச் சிறுத்ததும் சலுகை தீர்ந்துவிடும், தடை மறுபடி ஏறும். சுமார் 2.7 மைக்ரானுக்கும் குறுகிய குழாயில் மனிதச் சிவப்பணு கிழியாமல் நுழைய முடியாது.