ஆடிக்கு முந்தின ஞாயிறு

வேதத்தைக் காதால் கேட்டு அனுபவிப்பதற்கென்றே தருமபுரி மாவட்டத்தில் ஒரு நாள் வருகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலை 10 முதல் 16 வரைக்குள் விழுகிற ஞாயிறு அது. அன்று கத்தோலிக்கக் கோயில்களில் மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்திலிருந்து விதைப்பவர் உவமையை வாசிப்பார்கள். ஆனி முடிந்து ஆடி பிறக்கப்போகிற சமயம். 2023இல் அந்த ஞாயிறு ஜூலை 16. மறுநாள் ஆடி முதல் நாள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊர்களில், கேழ்வரகுக்கும் சாமைக்கும் மழையை எதிர்பார்த்திருக்கிற மானாவாரிக் கொல்லைக்காரர்களின் காதில், விதை எங்கெங்கே விழுந்தது என்ற கதை அன்று விழுகிறது. உரோமையில் வாசக அட்டவணை வகுத்தவர்கள் நம் பட்டத்தை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பொருந்தி வந்திருக்கிறது. அது நம் பேறு.

பழைய திருப்பலி முறையில் இதே உவமை லூக்கா நற்செய்தியிலிருந்து, தவக்காலத்துக்கு முன், தை மாசியில் இலத்தீனில் வாசிக்கப்பட்டது. விளைச்சல் வீடு வந்து சேர்ந்த பிறகு விதைப்பின் கதை! 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விவிலியத்தின் செல்வத்தை மக்களுக்குத் தாராளமாகத் திறந்துவிடச் சொன்னது. இறைவெளிப்பாடு பற்றிய அதன் ஏடு வெளிவந்தது 1965 நவம்பர் 18. தருமபுரி தனி மாவட்டமானதும் அதே ஆண்டு அக்டோபரில்தான். 1969இல் மூன்றாண்டுச் சுற்று வந்தது: ஓர் ஆண்டு மத்தேயு, அடுத்தது மாற்கு, பிறகு லூக்கா. 1995இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தது. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மறைமாவட்டம் உருவாயிற்று. கோவிலூர், கடகத்தூர் போன்ற பழைய கிறித்தவ ஊர்களின் காதுகளுக்கு இத்தனையும் சேர்ந்துதான் அந்த ஞாயிற்றைக் கொண்டுவந்தன.

அன்றைய வாசகங்கள் தொடுக்கப்பட்ட விதம்தான் என்னை ஒவ்வொரு முறையும் மயக்குகிறது. முதலில் எசாயா 55: வானத்திலிருந்து இறங்கும் மழை நிலத்தை நனைத்து, முளைக்கச் செய்து, விதைப்பவனுக்கு விதையும் உண்பவனுக்கு உணவும் தந்த பிறகே திரும்பும்; கடவுளின் சொல்லும் அப்படியே என்கிறார் இறைவாக்கினர். பதிலுரைப் பாடலாக 65ஆம் திருப்பாடல். வரப்புகளும் மேய்ச்சல் நிலமும் நனைந்து மகிழ்கிற காட்சி. அடுத்து உரோமையருக்கு எழுதிய திருமுகம்; அதில் படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது. காய்ந்து வெடித்துக் கிடக்கும் ஆனி மாதத்துச் செம்மண்ணைப் பார்த்தவர்களுக்கு இந்த வாசகத்தின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த மூன்றும் கேட்டு முடித்த காதில்தான் உவமை வந்து இறங்குகிறது. மழை, நனைந்த வயல், வலி, பிறகு விதை. நன்றாகப் பாடம் பண்ணிய கச்சேரியில்கூட இப்படி ஒரு வரிசை அமைவது அரிது.

உவமைக்குள்ளும் காது கொடுத்தால்தான் பிடிபடுகிற நயங்கள் உண்டு. வழியோரம், பாறை, முட்செடி, நல்ல நிலம் என நான்கும் இந்த மாவட்டத்தில் ஒரே கொல்லைக்குள் கிடக்கும். கரட்டை ஒட்டிய கொல்லையில் மேலாக இருக்கும் மண்ணில் பயிர் சீக்கிரம் பச்சை காட்டிவிட்டு ஒரு வார வெயிலில் சுருண்டுபோவதை நம் விவசாயி கண்ணால் கண்டிருக்கிறார். வசனத்தைக் கேட்டவுடன் பூரித்து, துன்பம் வந்ததும் விட்டுவிடுகிறவர்களுக்கு இயேசு சொன்ன அடையாளம் அதுவே. கேட்டவுடன் வரும் கண்ணீரை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆன்மிக வளர்ச்சியை அதை வைத்து அளக்கக் கூடாது. வேர் எவ்வளவு இறங்கியது என்பதே கணக்கு. இன்னொன்று: விளைச்சலை மாற்கு முப்பது, அறுபது, நூறு என்று ஏற்றுகிறார். லூக்காவில் நூறு மட்டும். மத்தேயுவோ நூறு, அறுபது, முப்பது என்று இறக்குகிறார். அந்த இறக்கத்தில், முப்பது மட்டுமே விளைந்தவனும் நல்ல நிலத்தில் சேர்ந்தவன்தான் என்ற ஆறுதல் எனக்குக் கேட்கிறது.

இந்த மண்ணுக்குக் கேட்கும் கலை புதிதல்ல. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிக்கக் கேட்டு, இரவில் கூத்துப் பார்த்துப் பல நாட்கள் ஒரு கதைக்குள்ளேயே வாழ்கிற வட்டாரம் இது. திருச்சபையும் காதுக்கு அப்படியொரு மதிப்பு வைத்திருக்கிறது. திருமுழுக்குச் சடங்கில் குழந்தையின் காதைத் தொட்டு, அது திறக்கப்பட வேண்டும் என்று குரு மன்றாடுவது அதற்காகத்தான்.

திறந்த காதில் விழுந்ததை என்ன செய்வது? 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ அதற்கு நான்கு படிகள் வைத்தார்: வாசிப்பு, தியானம், மன்றாட்டு, ஆழ்ந்த அமைதி. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுகிற நம் அன்பியக் கூட்டங்களில் புழங்கும் ஏழு படி முறை இன்னும் எளிது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவானது. பகுதியை வாசித்த பிறகு, மனத்தைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவரும் உரக்க மூன்று முறை சொல்ல வேண்டும்; பின்பு மௌனம். எழுத்தறியாத பாட்டியின் வாயிலிருந்து ஒரு சொல் மூன்றாம் முறை வரும்போது, அதுவரை நாம் கேட்காத ஒரு கனம் அதில் ஏறியிருக்கும். மறையுரைகள் பல செய்ய முடியாததை அந்த மூன்றாம் முறை செய்துவிடும்.

கோயிலில் வாசகம் நடக்கும்போது கைபேசியில் அதே பகுதியைத் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்கு ஒப்பவில்லை. கண் முந்திக்கொண்டு ஓடினால் காது பின்தங்கிவிடும். வீட்டிலேயே ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். கோயிலில் வெறுமனே கேளுங்கள். வாசகர்களும் முதல்நாளே வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். வாசகத்துக்குப் பின் சற்று மௌனம் காப்பதைத் திருப்பலி நூலே பரிந்துரைக்கிறது. அவசரத்தில் அதை விழுங்கிவிடக் கூடாது.

பங்குத் தந்தையரிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஞாயிற்று நற்செய்திக்குக் குறுகிய வடிவம், நீண்ட வடிவம் என இரண்டு உண்டு. குறுகியது உவமையோடு நின்றுவிடும். சீடர்களின் கேள்வியும், கேட்டும் கேளாதவர்களைப் பற்றிய வார்த்தையும், உவமையின் விளக்கமும் நீண்ட வடிவத்தில்தான் இருக்கின்றன. தயவுசெய்து நீண்டதையே வாசியுங்கள். இந்த மாவட்டத்து மக்களுக்கு அதைக் கேட்கும் பொறுமை இருக்கிறது.