அரை வாட்டும் ஓர் அனுமதிப்பத்திரமும்

பேச்சிப்பாறை அணையைத் தாண்டிக் கோதையாற்றுப் பக்கம் ஏறத் தொடங்கினால் சிறிது நேரத்தில் 'டவர் போச்சு' என்று வண்டிக்குள் யாராவது சொல்வார்கள். ரப்பர் தோட்டத்தில் இரண்டு வளைவு திரும்பியதும் முன்னே போன ஜீப்பும் கண்ணில் இருக்காது. மழை பிடித்துக்கொண்டால் அதன் சத்தமும் கேட்காது. அது சேற்றில் சிக்கி நிற்கிறதா, ஓடையில் தண்ணீர் ஏறிக் கிடக்கிறதா என்று பின்வண்டிக்காரனுக்குத் தெரிய வழியில்லை. வாக்கி டாக்கி வாங்கலாம் என்ற எண்ணம் பலருக்கும் இந்த மாதிரி இடத்தில்தான் வருகிறது. (வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வண்டியை விட்டு விளையாட வனத்துறை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. நான் சொல்வது தோட்டத்துப் பாதைகளையும் போகலாம் என்று விட்டிருக்கும் மலைச்சாலைகளையும்தான்.)

வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, 'எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?' பெட்டியில் ஐந்து, பத்து என்று அச்சடித்திருப்பார்கள். அது வெட்டவெளிக் கணக்கு. இதே கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை மீனவர்களுக்குக் கடல்மட்டம் தடையில்லாமல் கிடக்கிறது. படகின் 25 வாட் விஎச்எஃப் பல கிலோமீட்டர் தூரம் பேசும். அந்தக் கருவியே கோதையாற்றுப் பள்ளத்தில் இருந்தால் அடுத்த முகட்டைத் தாண்டாது. பாறை அலையை மறிக்கும், நனைந்த இலைக்கூட்டம் அதை உறிஞ்சும். வாட்டை இரட்டிப்பாக்குவதைவிட ஆன்டெனாவை வண்டிக்கு வெளியே, கூரைமேல் வைப்பது அதிகம் உதவும். தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து பேசினால் கையிலிருக்கும் கருவியின் பலத்தில் பெரும்பகுதி அந்தக் கூண்டோடு போய்விடும்.

இரண்டு வண்டி சேர்ந்து போகும்போது பேச வேண்டிய தூரம் அரைக் கிலோமீட்டர் இருக்குமா? அதற்கு அரை வாட்டே போதும். நல்லவேளையாக இந்தியச் சட்டம் விட்டுக்கொடுத்திருப்பதும் அந்த அரை வாட்டுதான். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, வகை ஒப்புதல் பெற்ற கருவியானால், லைசென்ஸ் இல்லாமல் பேசலாம். 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 2005லேயே 5 வாட் வரை திறந்துவிட்டார்கள். ஆனால் அந்த அலையின் நீளம் 11 மீட்டர். ஆன்டெனா நீளமாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும், ரப்பர் கிளைகளுக்கு நடுவே அதை ஒடியாமல் கொண்டுபோவது தனிப் பாடு. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 5 வாட் சீனக் கருவிகளோ லைசென்ஸ் தேவைப்படும் அலைவரிசைகளிலும் பேசும். வாங்குபவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, தனி வழிகாட்டு நெறிகளும் வெளியிட வேண்டி வந்தது. கூடுதல் பலம் வேண்டும் என்பவருக்கு நேர்வழி ஒன்று உண்டு: அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி அழைப்புக்குறி வாங்குவது.

இலங்கையில் கதை வேறு. கண்டி மாவட்டத்தில் ஹுன்னஸ்கிரியவிலிருந்து கோர்பட் கணவாய் வழியாக மீமுரேக்கு இறங்கும் பாதை நம் கோதையாற்றுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே மழை, அதே வளைவு. ரப்பருக்குப் பதில் காட்டு நிழலில் ஏலம். அங்கே 1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், அலை பரப்பும் கருவி வைத்திருக்க ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கொண்டுவருவதற்கும் தனியாக ஒப்புதல் உண்டு. இங்கே லைசென்ஸ் வேண்டாத கருவிதானே என்று பையில் போட்டுக்கொண்டு கொழும்புக்கு விமானம் ஏறுவது புத்திசாலித்தனமல்ல.

சட்டத்துக்குப் பின்னால் யுத்தத்தின் நினைவும் இருக்கிறது. நமக்கு வாக்கி டாக்கி என்றால் திருவிழாக் கூட்டத்தில் போலீஸ்காரர் கையில் இருப்பது. வன்னியில் அதை 'வோக்கி' என்றார்கள். அந்தச் சொல்லின் கனம் வேறு. அதை இடுப்பில் செருகியிருந்தவர் யார் என்று எவரும் விசாரிக்கவில்லை. அதே நாட்டில் 2004 சுனாமியின்போது, தொலைபேசிகள் விழுந்துவிட்ட அம்பாந்தோட்டையிலிருந்து செய்தி வந்தது விக்டர் குணதிலக்கவும் தோழர்களும் கார் பேட்டரியில் இயக்கிய அமெச்சூர் சிற்றலைக் கருவி வழியாகத்தான். அதே நாட்களில் போர்ட் பிளேரில் தற்செயலாக அமெச்சூர் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத்தும் அந்தமான் செய்திகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். அனுமதி வாங்கிப் பழகியிருந்தவர்கள்தான் இரு பக்கமும் கைகொடுத்தார்கள்.

இலங்கையின் யால தேசியப் பூங்காவில் சிக்கல் தலைகீழ். சிறுத்தையைப் பார்த்த சாரதி கைபேசியில் மற்றவர்களுக்குச் சொல்ல, ஜீப்புகள் எல்லாம் ஒரே மரத்தடியில் வந்து குவிந்தன. 2015இல் பூங்காவுக்குள் கைபேசிக்கே தடை போட்டார்கள். இங்கே டவர் இல்லையே என்கிறோம், அங்கே ஏன் இருக்கிறது என்றார்கள்.

கோதையாற்றுப் பக்கம் போகும் எங்கள் ஜீப் கூட்டம் கருவியைவிடப் பேச்சில்தான் அதிகம் தவறியது. பொத்தானை அழுத்தி ஒரு நொடி நிறுத்திப் பேசாவிட்டால் முதல் அசை போய்விடும். முடிக்குமுன் விரலை எடுத்தால் கடைசி அசை போகும். தமிழுக்கு இரண்டாவதுதான் ஆபத்து. நாம் மறுப்பைக் கடைசியில் வைக்கிறோம். ஓடைக்கரையில் நின்றவன் 'வர வேண்டாம்' என்றான். பின்வண்டியில் கேட்டது 'வர வே...' அவர்கள் வந்தேவிட்டார்கள். வண்டியை வெளியே இழுக்க மாலையாயிற்று. அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் 'வேண்டாம்', 'கூடாது' இரண்டும் விலக்கு. 'நில்லு, நில்லு' என்று இரண்டு முறை. திரும்ப, 'நின்னாச்சு மக்கா' என்ற பதில் வரும்வரை விடுவதில்லை.

சிங்களத்திலும் இதே குழிதான் என்று மீமுரே வழியில் தெரிந்தது. 'என்ன' என்றால் வா, 'என்ன எபா' என்றால் வராதே. வால் அறுந்தால் தடை அழைப்பாகிவிடும். எங்கள் காதுக்கோ முதல் சொல்லே கேள்வியாக விழுந்தது, 'என்னவா? ஒண்ணுமில்லை' என்று ஒருவன் பதில் சொல்லி, சாரதியைச் சிரிக்க வைத்தான். அவரிடம் கருவி எதுவும் இல்லை. வளைவுக்கு முன் ஹார்ன்: ஒன்று என்றால் வருகிறேன், இரண்டு என்றால் நிற்கிறேன். எதிரே ஏறும் வண்டிக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

ஹார்ன் எட்டாத இடத்தில் உதவியாள் இறங்கி, இரண்டு வண்டியும் தெரியும் மேட்டில் போய் நின்று கையைக் காட்டினான். கோதையாற்றில் முகடு மறைக்கும்போது நாங்களும் ஒருவனை இறக்கி, மேட்டில் நிறுத்தி, இங்கே கேட்டதை அங்கே சொல்ல வைக்கிறோம். அவன் கையில் அரை வாட் கருவி இருக்கும், நனையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி. அட்டைக்கு உப்பு மறந்துவிட்டால் மட்டும் திட்டுவான்.