கலக்குவோரும் காப்போரும்: தமிழ் விக்கிப்பீடியாவின் காவல்முறை பற்றிய ஓர் ஆய்வு

அறிவுத் துறைகளைத் தொகுத்து அகரவரிசைப்படுத்தி வைக்கும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902 ஆம் ஆண்டில் அபிதான கோசத்தை வெளியிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910 இல் வெளிவந்தது. பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது. இவற்றுள் முதலிரண்டும் தனியொருவர் உழைப்பாற் பிறந்தவை. மூன்றாவது அறிஞர் குழுவொன்றினால் ஆக்கப்பட்டது. எனினும் மூன்றிற்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. பிழை கண்ட வாசகன் பதிப்பாசிரியருக்குக் கடிதம் எழுதலாம். அதற்கு மேல் அவன் செய்யக்கூடியது யாதுமில்லை. ஏட்டின் மீது கைவைக்கும் உரிமை பதிப்பாசிரியர்க்கே உரியதாயிருந்தது.

அவ்வுரிமையை யாவர்க்கும் வழங்கிய கலைக்களஞ்சியம் விக்கிப்பீடியா. அது ஆங்கிலத்தில் 2001 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15 ஆம் நாள் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003 ஆம் ஆண்டு செப்தெம்பர்த் திங்களிறுதியில் தோன்றிற்று. யாழ்ப்பாணத்தவரும் கட்டடக் கலைஞருமாகிய இ. மயூரநாதன் அதன் இடைமுகத்தைத் தமிழாக்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதி, அதற்கு அடித்தளமிட்டார். கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015 ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதை அவருக்கு அளித்துச் சிறப்பித்தது. 2017 இல் நூறாயிரம் கட்டுரைகளை எய்திய இக்களஞ்சியம் இன்று ஒன்றரை இலட்சத்தையும் கடந்து வளர்கின்றது. இதனை எழுதுவோர்க்கும் ஊதியமில்லை, காப்போர்க்கும் ஊதியமில்லை.

யாவரும் எழுதலாம் என்பது யாவரும் அழிக்கலாம் என்பதையும் உள்ளடக்கியதே. எனவே இக்களஞ்சியத்தின் தரத்தை அளக்கப் புகுவோர் அதன் கட்டுரைகளை மட்டும் நோக்குதல் போதாது. கலக்குவோரை அது எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

கலக்குவோர் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர். நன்னூலார் பாயிரத்திலே மாணாக்கரைத் தரம் பிரிக்குமிடத்துக் கூறிய உவமைகள் ஈண்டும் பொருந்துவன. குளத்தினுள் இறங்கி நீரைக் கலக்கும் எருமையை ஒப்பார் ஒரு சாரார். கட்டுரையை வெறுமையாக்குதல், வசைமொழி எழுதுதல், தம் பெயரையும் தோழர் பெயரையும் நடுவே செருகுதல் இவர்தம் செயல். நெய்யைக் கீழே ஒழுகவிட்டு அதன் கண்ணுள்ள குற்றத்தைத் தன்னிடத்தே நிறுத்திக்கொள்ளும் நெய்யரியை ஒப்பார் மற்றொரு சாரார். தம் சாதி, சமயம், கட்சி, ஊர் என்பவற்றின் பெருமைக்கு ஒவ்வாத சான்றுகளை நீக்கி, ஒவ்வும் புனைந்துரைகளை நிலைநிறுத்த முயல்வோர் இவர். சொன்னதைச் சொல்லும் கிளியை ஒப்பார் மூன்றாம் சாரார். நூலிலோ நாளிதழிலோ உள்ளதை அவ்வாறே பெயர்த்து இட்டுப் பதிப்புரிமைக்கு ஊறு விளைப்போர் இவர். இம்மூவரின் வேறாக, கலக்கவேண்டும் என்னும் எண்ணம் சிறிதுமின்றி, முறையறியாமையாற் கலக்கிவிடும் புதியவரும் உளர். காவலரின் அறிவு முதற்கண் வெளிப்படுவது இந்நால்வரையும் வேறுபிரித்தறியும் திறத்திலேயே ஆகும்.

காப்போர்க்குரிய கருவிகளுள் தலையாயது கட்டுரை வரலாறு. ஒவ்வொரு மாற்றமும், செய்தவர் பெயரோடும் நாளோடும் நேரத்தோடும், முந்திய வடிவம் அழியாதபடி பதிவாகின்றது. எருமை கலக்கிய நீரை ஒரு நொடியில் தெளிவிக்க இயலுவது இதனாலேயே. அண்மைய மாற்றங்கள் என்னும் பட்டியலைப் பார்த்திருந்து விசமத் தொகுப்புகளை முன்னிலைக்கு மீட்போர் முன்னிலையாக்கர் எனவும், புதிய பக்கங்களைச் சுற்றிப் பார்ப்போர் சுற்றுக்காவலர் எனவும் பெயர் பெறுவர். பக்கத்தைப் பூட்டுதல், நீக்குதல், பயனரைத் தடைசெய்தல் ஆகிய அதிகாரங்கள் சமூகத்தின் வாக்கினால் தெரிவுசெய்யப்பட்ட நிர்வாகிகளுக்கு உரியன. தவறிழைத்தவருக்கு முதலில் அறிவுறுத்தல், பின் எச்சரிக்கை, அதன் பின் குறுகிய காலத் தடை, இறுதியில் நெடுந்தடை என ஏறுவரிசையில் ஒறுத்தல் அமையும்.

இம்முறை எக்காலத்தும் பிழையாது எனல் பொருந்தாது. 2005 ஆம் ஆண்டு மே மாதத்தில் யோன் சீகென்தாலர் என்னும் அமெரிக்க இதழாளரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையிலே, கென்னடி உடன்பிறந்தாரின் கொலையில் அவர் ஐயத்துக்குள்ளானவர் என ஒருவர் விளையாட்டாக எழுதிவைத்தார். அப்பொய் அவ்வாண்டு செப்தெம்பர் வரை, நான்கு திங்கள், எவராலும் நீக்கப்படாது நின்றது. அதன் விளைவாகவே ஆங்கில விக்கிப்பீடியாவிற் புதுக் கட்டுரை தொடங்கும் உரிமை 2005 திசெம்பரில் பதிவுசெய்த பயனர்க்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. வசைமொழியைக் கண்டுபிடித்தல் எளிது. நல்ல நடையில் எழுதப்பட்ட பொய்யைக் கண்டுபிடித்தல் அரிது என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம். காவலர் பல்லாயிரவர் உலவும் ஆங்கிலக் களஞ்சியத்திலேயே இந்நிலையாயின், ஒரு சிலரே நாள்தோறும் காத்துநிற்கும் தமிழ்க் களஞ்சியத்தின் நிலையைக் கூறவேண்டுவதில்லை.

விசமத்தினும் தீர்த்தற்கரியது கருத்து மாறுபாடு. ஒருவர் எழுதியதை மற்றவர் நீக்க, நீக்கியதை முன்னவர் மீட்க, இவ்வாறு தொடரும் பூசல் தொகுப்புப் போர் எனப்படும். தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கு இடந்தந்தவற்றுள் மொழி வழக்கும் ஒன்று. கிரந்த எழுத்துகளை ஆளலாமா, ஒழிக்கலாமா என்பது அங்கு நெடுங்காலம் நிகழ்ந்த வாதம். ஈழத்தவர் ரொறன்ரோ என்று எழுதும் நகரின் பெயரைத் தமிழ்நாட்டார் டொராண்டோ என்று எழுதுவர். இரண்டும் அவ்வந்நாட்டிற் பயின்ற வழக்குகளே. இத்தகைய மாறுபாடுகளைப் பேசித் தீர்க்கும் பொதுப் பக்கத்துக்கு ஆலமரத்தடி எனப் பெயரிட்டமை பாராட்டற்பாலது. ஊர்ப் பெரியோர் கூடும் இடத்தின் பெயர் அது. தீர்ப்பைக் கேட்போர்க்கு அதன் காரணமும் கேட்கும் உரிமை உண்டு என்பது அப்பெயரிலேயே தொனிக்கின்றது.

இதனினும் கடிய பூசல் ஒன்று இலங்கை பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் நிகழ்ந்தது. நாட்டிலே போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அப்போரைப் பற்றிய கட்டுரைகளிலும் இரு சாரார் ஒருவரையொருவர் அழித்து எழுதிவந்தனர். 2007 ஆம் ஆண்டையொட்டி அவருட் பலர், நடுநின்ற ஒரு நிர்வாகியின் முயற்சியால், நல்லிணக்கக் குழுவொன்றை அமைத்து ஓர் உடன்படிக்கைக்கும் வந்தனர். ஆங்கில விக்கிப்பீடியாவின் பொதுவிதி ஒரு நாளில் மூன்று மீட்புக்களுக்கு இடந்தருவது; இவ்வுடன்படிக்கையோ ஒரு மீட்புக்கு மேற் செல்லாது, அதன்பின் பேச்சுப் பக்கத்திலே காரணங்காட்டிப் பேசவேண்டும் என விதித்தது. விசமத்தை நீக்குதற்கு இவ்வரம்பு இல்லை. களத்திலே இணங்கமாட்டாத இரு சாரார் ஏட்டிலே ஒரு வரம்புக்கு உடன்பட்டமை எண்ணிப் பார்க்கத்தக்கது. மேலிருந்து இடப்படும் தடையினும், மாறுபட்டோர் தாமே ஏற்றுக்கொள்ளும் வரம்பு வலியது என்பதற்கு இது சான்றாகும்.

தமிழ்க் காவலரின் திறத்தை நன்கு புலப்படுத்தியது பிறிதொரு நிகழ்ச்சி. 2009 ஆம் ஆண்டளவில் கூகிள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணைகொண்டு, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர் வாயிலாக, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் இடத் தொடங்கிற்று. கட்டுரைகள் நீண்டனவாயிருந்தன, நடையோ ஆங்கிலத் தொடரமைப்பைத் தழுவித் தமிழ்ச் செவிக்கு ஒவ்வாததாயிருந்தது. தெரிந்தெடுத்த பொருள்களும் தமிழ் வாசகர்க்கு முதன்மையானவை என்று கூறத்தக்கன அல்ல. குறை கூறியபோது மறுமொழி தருவாரும் அரியராயினர். இதனை விசமம் எனல் இயலாது. நன்மை கருதிய செயல் என்று வாளா விடுதலும் இயலாது. அளவினால் வந்த கலக்கம் இது. தமிழ் விக்கிப்பீடியர் குறைகளைத் தொகுத்து நிறுவனத்தோடு பேசினர். தரத்துக்கு வரையறை வகுத்து, அதற்கு இணங்கிய பின்னரே பணி தொடரலாம் என்றனர். இம்முயற்சி பற்றிய மதிப்பீட்டை அ. இரவிசங்கர் 2010 இல் போலந்து நாட்டில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டில் எடுத்துரைத்தார். ஊதியமற்ற சிலர் உலகப் பெருநிறுவனமொன்றைத் தம் விதிக்கு உட்படுத்த முயன்ற இச்செயலில் அவர்க்குத் துணையாய் நின்றது அதிகாரமன்று. சான்றோடு கூடிய குறைப்பட்டியலே.

இங்ஙனம் நிறைகளைக் கூறியவிடத்துக் குறைகளையும் கூறுதல் திறனாய்வின் கடன். முதலாவது குறை, காரணங் கூறாது நீக்குதல். எருமைக்கு இடும் அதே எச்சரிக்கை வார்ப்புருவைப் புதியவர்க்கும் இடுதல் காவலர்க்கு எளிது. கையும் நேரமும் குறைந்தவிடத்து இயல்பாக நிகழ்வதும் அதுவே. ஆயின் முதல் முயற்சியிலேயே தன் எழுத்து மறையக் கண்ட மாணவன் மீண்டும் எழுத வருவது ஐயம். நல்லெண்ணம் கொள்க என்பது விக்கிப்பீடியாவின் நெறிகளுள் ஒன்று. அது காவலரின் களைப்பினால் முதலிற் கைவிடப்படும் நெறியாகவும் உள்ளது. இரண்டாவது குறை, இணைய முகவரியைத் தடைசெய்தலால் வருவது. கல்லூரியொன்றின் கணினிகள் யாவும் ஒரே முகவரியினூடாக இணையத்தை அடையுமாயின், ஒரு மாணவனின் குறும்புக்காக ஏனைய மாணவர் அனைவரும் கணக்கின்றி எழுதும் வழியை இழப்பர்.

மூன்றாவது குறை நுட்பமானது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர்க்குப் பெரிதும் உரியது. எழுதியவற்றுக்கு வெளியிடப்பட்ட சான்று காட்டுக என்பது காவலர் விதி. இவ்விதியின்றிப் பொய்யைத் தடுத்தல் இயலாது. ஆயின் தம்பிலுவிற் கண்ணகியம்மன் கோயிலின் வைகாசித் திருக்குளிர்த்தி முறைகளையோ, வயல்வெளிச் சொற்களையோ, குடிவழிச் செய்திகளையோ அறிந்தவர் எழுதப் புகுந்தால், அவர் காட்டும் சான்று பெரும்பாலும் முதியோர் வாய்மொழியே. தொலைவிலிருக்கும் காவலர்க்கு அது புனைவினின்று வேறாகத் தோன்றாது. அவர் அதனை நீக்குவாராயின் விதிப்படி பிழையில்லை; ஆயினும் ஓர் ஊரின் உண்மை மறைந்துபோகும். பொய்யைத் தடுக்கும் வேலியே மெய்யையும் புறத்தே நிறுத்திவிடும் இடம் இது.

இதற்குத் தீர்வு வேலியைத் தகர்த்தல் அன்று. வாய்மொழியையும் ஊர்தோறும் கிடந்த ஏடுகளையும் சான்றாக்கிய பெரியோர் இக்கரையில் முன்னரே இருந்துளர். கண்ணகி கோயில்களிற் பாடப்பட்டுவந்த கண்ணகி வழக்குரையைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968 இல் அச்சேற்றினார். அவருடைய மட்டக்களப்புத் தமிழகம் 1964 இலும், எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் 1962 இலும் வெளிவந்தன. அவை அச்சேறியதனாலேயே இன்று மேற்கோளாகும் தகுதி பெற்றன. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காத்துவரும் நூலகம் திட்டம், தொலைவிலிருக்கும் காவலரும் சான்றை நேரிற் காணும் வழியைத் திறந்துள்ளது. கல்லூரி மலர்களும் கோயில் மலர்களும் அங்குச் சேருமாயின், நீக்குவோர்க்கு மறுமொழியாகப் பக்க எண்ணைக் காட்டுதல் கூடும்.

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில் ஊர்ப்பெயரின் காரணம், பழங்குடியின் வரலாறு, எல்லை என்பன பற்றி இருவேறு மரபுரைகள் வழங்குதல் இயல்பு. ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்துதல் நெய்யரியின் செயலாய் முடியும். இவ்விடத்துப் பதிப்பாசிரியர் நெறி வழிகாட்டும். உ. வே. சாமிநாதையர் ஏடுகள் மாறுபட்டவிடத்துத் தாம் கொள்ளாத பாடத்தையும் அடிக்குறிப்பிலே பிரதிபேதமாகக் காட்டினார். கொண்டதற்கும் தள்ளியதற்கும் இடமளித்தமையால், பின்வந்தோர் அவர் முடிபை மீண்டும் ஆராய முடிந்தது. மாறுபட்ட இரு மரபுகளையும் அவ்வவற்றின் சான்றோடு அருகருகே வைக்கும் கட்டுரை எவ்வளவு பூசலையும் தாங்கும்.

ஆகவே, இக்களஞ்சியத்தைக் காப்பது பூட்டும் தடையும் மட்டும் அல்ல என்பது பெறப்படும். பூட்டு எருமைக்குப் பயன்படும். நெய்யரிக்கும் கிளிக்கும் சான்றும் உரையாடலும் வேண்டும். புதியவர்க்குக் காரணங் கூறும் ஒரு வரி வேண்டும். நீக்கும் அதிகாரத்தை உடையார் ஒவ்வொரு நீக்கத்துக்கும் காரணம் எழுதிவைப்பாராயின், அவர் தீர்ப்பும் கட்டுரையைப் போலவே யாவராலும் திருத்தத்தக்கதாகும். அக்காரணத்தைப் படித்து, ஒரு நூலின் பக்கத்தை எடுத்துக்காட்டி, நீங்கியதை மீண்டும் எழுதும் மாணவன் ஒருவன் தம்பிலுவிலிலிருந்தோ கல்முனையிலிருந்தோ எழுவானாயின், காவலர் தொகையும் ஒன்று கூடியதாகும்.