களைத்தவன் எல்லாம் கள்ளன் இல்லை

நாலு துண்டுச் சீட்டு இருந்தால் போதும். ராஜா, மந்திரி, போலீஸ், திருடன். எழுதி, மடித்து, குலுக்கிப் போட்டால் ஆட்டம் ரெடி. போலீஸ் சீட்டு எடுத்தவர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகக் கை காட்டினால் போலீஸின் புள்ளி திருடனுக்குப் போய்விடும். யாருக்கு எத்தனை புள்ளி என்பது ஊருக்கு ஊர் மாறும். அச்சகங்களில் வெட்டுக் காகிதம் மலிந்து கிடக்கிற சிவகாசியில் இந்த ஆட்டத்துக்கு ஆகும் மொத்தச் செலவு கொஞ்சம் பேனா மை.

இதே ஆட்டம்தான் கொஞ்சம் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு இப்போது செல்போனில் வாழ்கிறது. பெயர் ‘அமாங் அஸ்’. 2018 ஜூனில் இன்னர்ஸ்லாத் என்கிற சின்ன அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. இரண்டு வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020-ல் கொரோனா வந்து உலகத்தையே வீட்டுக்குள் உட்கார வைத்ததும் தலைவிதி மாறியது. நம் ஊரில் அந்த வருஷம் செப்டம்பர் 2-ம் தேதி ‘பப்ஜி’யைத் தடை செய்தார்கள். கட்டைவிரல்கள் வேலையில்லாமல் தவித்த நேரத்தில் இது கண்ணில் பட்டது.

தெரியாதவர்களுக்காக ரெண்டு வரி. ஒரு விண்கலம். ஆரம்பத்தில் பத்துப் பேர் வரை ஆடலாம், 2021-லிருந்து பதினைந்து பேர் வரை. அதில் ஒன்று முதல் மூன்று பேர் வேஷதாரிகள். மற்றவர்கள் ஒயரை இணைப்பது, குப்பையைக் கொட்டுவது மாதிரி எடுபிடி வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும். வேஷதாரி ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவான். பிணத்தைப் பார்த்தவர் மணியடித்தால் பஞ்சாயத்து கூடும். பேசி, ஓட்டுப் போட்டு, சந்தேகப்பட்ட ஆளை விண்வெளியில் தள்ளிவிடுவார்கள். தள்ளப்பட்டவர் அப்பாவி என்று பிறகு தெரியவந்தால் எல்லோரும் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு, நிறையச் சிரிப்பார்கள்.

இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாத்தா ‘மாஃபியா’. 1986-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் திமித்ரி தவிதோவ் உருவாக்கியது. சூத்திரம் எளிமை. உண்மை தெரிந்த சிலர், தெரியாத பலர். சிலர் பொய் சொல்ல வேண்டும், பலர் கண்டுபிடிக்க வேண்டும். 1997-ல் ஆண்ட்ரூ பிளாட்கின் இதற்கு ஓநாய் மனிதன் வேஷம் கட்டி ‘வேர்வுல்ஃப்’ ஆக்கினார். கணித ஆசாமிகளும் விட்டுவைக்கவில்லை. 2008-ல் வந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, துப்பறிபவர் இல்லாத ஆட்டத்தில் மாஃபியாவின் எண்ணிக்கை மொத்த ஆட்களின் வர்க்கமூலத்தை ஒட்டி இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் வாய்ப்பு இருக்கும் என்று நிரூபித்தது. அதாவது கூட்டம் நாலு மடங்கானால் கள்ளர்கள் இரண்டு மடங்கானால் போதும். இதை அரசியலுக்குப் பொருத்திப் பார்ப்பது உங்கள் இஷ்டம்.

என் கேள்வி வேறு. 2020-ல் கல்லூரி மாணவர்களாக இந்த ஆட்டத்தை ஆரம்பித்தவர்கள் இன்றைக்கு என்ன ஆனார்கள்? ஒரு கோஷ்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் சிவகாசி ஆஃப்செட் அச்சகத்தில். ஒருவர் விருதுநகரில் அப்பாவின் பருப்பு மொத்த வியாபாரத்தில். ஒருவர் ‘பயர் ஆபீஸ்’ என்று அந்தப் பக்கத்தில் சொல்கிற பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். ரெண்டு பேர் சென்னையில் ஐ.டி. ஒருவர் துபாயில். வாட்ஸ்அப் குரூப் மட்டும் அப்படியே இருக்கிறது. ராத்திரி பத்தரைக்கு ஒருத்தன் ‘யார்லாம் வர்றீங்க?’ என்று கேட்கிறான். முன்பு பத்து நொடியில் பத்துப் பேர் வருவார்கள். இப்போது நாலு நீல டிக், ஒரு கட்டைவிரல்.

ஆட்டம் சலித்துவிட்டதா என்றால் இல்லை. ஆடுகிறவர்களின் வாழ்க்கை மாறிவிட்டது. ஆட்டம் அதற்கு ஈடு கொடுக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

தயாரித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 2020 ஆகஸ்டில் இரண்டாம் பாகம் வருகிறது என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே அதைக் கைவிட்டு, இருக்கிற ஆட்டத்தையே செப்பனிடுகிறோம் என்றார்கள். புத்திசாலித்தனமான முடிவு. 2021 நவம்பரில் விஞ்ஞானி, இன்ஜினீயர், காவல் தேவதை, உருமாறி என்று புது வேஷங்கள் வந்தன. 2022 டிசம்பரில் கண்ணாமூச்சி. 2024-ல் மேலும் மூன்று வேஷங்கள். தினமும் ஆடுகிறவனுக்கு இதெல்லாம் விருந்து. மூணு மாசம் கழித்து எட்டிப் பார்க்கிறவனுக்கோ பரீட்சைக்குப் படிக்காமல் வந்த கலக்கம். ‘இந்த தேவதை என்னடா பண்ணும்?’ என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் செத்துப் போயிருப்பான். நேரம் இருக்கிறவனுக்குப் புதுமை சேர்ப்பது நேரம் இல்லாதவனுக்கு வைத்தியம் ஆகாது. தயாரிப்பாளர்களின் பதில் சரியான பதில்தான். கேள்விதான் வேறு ஒருவருடையது.

உண்மையான கோளாறு சாட்சியத்தில் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் சாட்சியம் இரண்டு வகை. ஒன்று, நீ எங்கே இருந்தாய், யாருடன் இருந்தாய். இரண்டாவது, நீ எப்படிப் பேசுகிறாய். புதிதாக ஆடுகிறவர்கள் முதல் வகையை நம்புவார்கள். வருஷக்கணக்காகச் சேர்ந்து ஆடும் சிநேகிதர்கள் இரண்டாவதற்குத் தாவிவிடுகிறார்கள். குரலைக் கேட்டே ஜாதகம் கணித்துவிடுவார்கள்.

“என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்? நீதானா?”

“இல்லடா, டயர்டா இருக்கு.”

“அண்ணாச்சி, இவன் டயர்டுன்னு சொன்னாலே சந்தேகம்தான். தூக்கிருவோம்.”

தூக்கிவிடுகிறார்கள். பார்த்தால் அப்பாவி. பாவம், நிஜமாகவே டயர்டு.

ஒரு நாள் நடந்தால் சிரிப்பு. வாரம் முழுக்க நடந்தால்? வேலைப் பளுவில் இருப்பவனின் மௌனமும் பொய்யனின் மௌனமும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். அதனால் இந்த ஆட்டம், யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவனையே முதலில் வெளியே தள்ளுகிறது. அவன் அடுத்த வாரம் வர மாட்டான். ‘அவன் பெரிய ஆளாயிட்டான்’ என்று இவர்கள் பேசிக்கொள்வார்கள். நட்பு இப்படியும் கரையும், சண்டை எதுவும் இல்லாமல்.

சிவகாசிப் பக்கம் இது இன்னும் சிக்கல். அங்கே களைப்புக்கும் சீஸன் உண்டு. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்குப் பிறகு ஆர்டர் குவிந்து, டைரியும் சேர்ந்துகொண்டு, டிசம்பர் வரை அச்சகக்காரர் தலை நிமிர மாட்டார். பட்டாசுக்காரருக்குத் தீபாவளி வரை ஓட்டம், முடிந்ததும் கொஞ்சம் மூச்சு. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த மாதிரி, வேலையே இல்லாமல் வீட்டில் இருந்த காலமும் உண்டு. ஒருவர் ஓய்வாக இருக்கும்போது இன்னொருவர் ஓடிக்கொண்டிருப்பார். எல்லோரும் ஒரே அளவு விழித்திருக்கும் ராத்திரி வருஷத்தில் சில நாள்கூடத் தேறாது. மாணவர்கள் மத்தியில் பிறந்த ஆட்டத்துக்கு இந்தக் கணக்கு தெரிய நியாயமில்லை.

அடுத்தது, சாவு. பழைய மாஃபியாவில் முதல் சுற்றில் செத்தால் மீதி நேரம் முழுக்க வேடிக்கைதான். நாள் முழுக்க உழைத்துவிட்டு அரை மணி நேரம் ஒதுக்கி வந்தவனை ஒரு நிமிஷத்தில் பிணமாக்கிச் சுவரோரம் உட்கார வைப்பது கொடுமை. இந்த இடத்தில் ‘அமாங் அஸ்’ஸைப் பாராட்ட வேண்டும். செத்தவன் ஆவியாகச் சுற்றி மிச்ச வேலையை முடிக்கலாம், அது அவன் கட்சி ஜெயிக்க உதவும். காவல் தேவதை வேஷம் கிடைத்த ஆவி உயிரோடு இருப்பவனைக் காப்பாற்றலாம். ஆனால் ஆவி உயிரோடு இருப்பவர்களுடன் பேச முடியாது. நண்பர்களோடு பேசத்தானே வந்தான்? ‘ப்ளட் ஆன் த க்ளாக்டவர்’ என்று ஓர் ஆட்டம். அதில் செத்தவர்களும் விவாதத்தில் பேசலாம், கடைசியாக ஒரு ஓட்டும் போடலாம். 2009-ல் வந்த ‘த ரெசிஸ்டன்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே போய் யாரையும் கொல்வதே இல்லை. ‘ஒன் நைட்’ வகை வேர்வுல்ஃபில் ஒரே ராத்திரி, சுமார் பத்து நிமிஷம், கடை மூடிவிடும்.

நம்ம நாலு சீட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். யாரும் சாவதில்லை. ஒரு சுற்று ஒரு நிமிஷம். எல்லாவற்றையும்விட முக்கியம், சீட்டைத் திரும்பக் குலுக்கும்போது பழைய திருடன் காணாமல் போய்விடுகிறான். மறதி அந்த ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. செல்போன் கோஷ்டியில் மறதிக்கு இடமில்லை. ‘போன தீபாவளிக்கு ரீயாக்டர் ரூம்ல என்னைக் கொன்னவன்தானே நீ’ என்று வழக்கை மூணு வருஷம் இழுப்பார்கள்.

முகத்தையும் குரலையும் படிப்பதுதானே இந்த ஆட்டத்தின் உயிர், அதை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குரலைப் படிக்கட்டும். ஆனால் குரலை வைத்துச் சந்தேகப்படலாம், தண்டிக்க வேண்டுமென்றால் இடமும் நேரமும் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். ‘ரெண்டு லைட் அணைஞ்சப்போ நீ எங்க இருந்த?’ இது குற்றச்சாட்டு. ‘நீ ஏன் பேசல?’ இது வெறும் வம்பு. இப்படி வைத்தால் பழைய ஆட்டக்காரர்களும் வரைபடத்தைத் திரும்பப் பார்க்க ஆரம்பிப்பார்கள். ஆட்டமும் கூர்மையாகும்.

ஆட்டத்தை நடத்துபவர் கையில் சில திருகாணிகளும் இருக்கின்றன. பேசும் நேரத்தையும் ஓட்டு நேரத்தையும் குறைக்கலாம். கண்ணுக்குத் தெரியும் வேலைகளை நிறுத்தி வைக்கலாம். மருத்துவ அறையில் ஸ்கேன் எடுத்துக் காட்டி ‘நான் நல்லவன்’ என்று சர்டிஃபிகேட் வாங்கும் வழி அதோடு அடைபடும். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ஆட்டத்தைத் தாலுகா ஆபீஸ் ஆக்கியதே அந்த சர்டிஃபிகேட்டால்தான். போன ஆட்டத்தில் முதலில் செத்தவனை இந்த ஆட்டத்தில் முதலில் கொல்லக் கூடாது என்பதை எந்தத் திருகாணியும் செய்யாது. அது மரியாதை. வாய்ச் சொல்லாகத்தான் இருக்க முடியும்.

கடைசியாக, கடை மூடும் நேரம். இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே மருந்துக் கலவையை முடித்துவிட வேண்டும் என்பது பட்டாசுத் தொழிலில் பால பாடம். வேகமாகத் தேய்த்தால் ஆபத்து, சிந்தினால் ஆபத்து, கவனம் பிசகினால் ஆபத்து. அந்த வேலைக்கு விடிகாலையில் எழுந்து போகிறவனை ராத்திரி ஒன்றரை மணிக்கு ‘இன்னும் ஒரே ஒரு கேம்டா’ என்று நிறுத்தி வைப்பது நட்பு இல்லை. தமிழ்நாடு அரசு 2025-ல் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பூட்டுப் போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பார்லிமென்ட் காசு ஆட்டத்தையே மொத்தமாகத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ‘அமாங் அஸ்’ஸில் யாரும் பந்தயம் கட்டுவதில்லை. எந்தச் சட்டமும் வந்து மணியடிக்காது. பதினொன்றரைக்கு ‘போதும், படுங்கடா’ என்று சொல்ல கோஷ்டியில் ஒருத்தர் வேண்டும். சுழற்சி முறையில் வைத்துக்கொண்டால் அவருக்குக் கெட்ட பெயரும் வராது.

நல்ல ஆட்டம் என்பதற்கு என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. மூணு மாசம் வராதவன் நாலாவது மாசம் கூச்சமில்லாமல் வந்து உட்கார முடிகிறதா? சீட்டு ஆட்டம் இதில் நூற்றுக்கு நூறு. ‘அமாங் அஸ்’ பாஸ் மார்க்தான். மிச்ச மார்க்கைப் போடுவதும் குறைப்பதும் கூட ஆடுகிறவர்கள் கையில்.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆனதும் ஃபோர்மேன் தம்பி குரூப்புக்குள் எட்டிப் பார்ப்பான். விண்கலத்தில் நாலு இடம் காலியாக இருக்கும். அப்போது யாராவது ஒருத்தர் இந்த ஒரு வரியை டைப் அடித்தால் போதும்: “வா மாப்ள, இன்னிக்கு உன்னை முதல்ல கொல்ல மாட்டோம்.”