வெற்றிக் கதைகளில் விடுபட்ட அத்தியாயம்

பயிரிட்டவன் முதலாளியான கதை என்றால் நம் வாசகர்களுக்கு மிகவும் பிடிக்கும். திராட்சைத் தோட்டக்காரர் ஒயின் தொழிலதிபரானார் என்று பத்திரிகையில் வந்தால் நானும் விடாமல் படித்துவிடுவேன். ஆனால் நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் இந்த ரகக் கதைகள் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கதாநாயகனின் துணிச்சல் பக்கம் பக்கமாக வருகிறது. அவன் காத்திருந்த காலத்தில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது மட்டும் வருவதில்லை.

நாசிக்கின் பிரசித்தமான கதையையே எடுத்துக்கொள்வோம். ராஜீவ் சமந்த் ஸ்டான்ஃபோர்டில் படித்தவர். ஆரக்கிள் கம்பெனி உத்தியோகத்தை விட்டுக் குடும்ப நிலத்துக்குத் திரும்பி, முதலில் சாப்பிடுகிற திராட்சையையும் போட்டுப் பார்த்தார். ஒயின் கொடிகளை நட்டது 1997-ல். 'சுலா'வின் முதல் ஒயின் வெளிவந்தது 2000-ல். மறு வருஷமே மகாராஷ்டிர அரசு ஒயின் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்துச் சலுகைகள் கொடுத்தது. 2022 டிசம்பரில் கம்பெனி பங்குச் சந்தையில் ஏறியது. நல்ல கதைதான், மறுப்பதற்கில்லை.

இதை அய்யலூர்ச் சந்தைக்குத் தக்காளிக் கூடையோடு வரும் ஒரு குடியானவரிடம் சொல்லிப் பாருங்கள். "நட்டதுக்கும் வித்ததுக்கும் நடுவிலே மூணு வருஷம். அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன செஞ்சாராம்?" என்றுதான் கேட்பார். நம் விமரிசகர்களுக்குத் தோன்றாத கேள்வி அது. தக்காளி நாளைக்குக் காத்திராது. சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டிப் பக்கம் விளைகிற பன்னீர் திராட்சைக்கும் அதே விதி. மெல்லிய தோல், நிறையச் சாறு. பறித்த பழம் சில நாள்தான் தாங்கும். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்தது. பழத்துக்கு ஆயுள் கூடவில்லை.

ஒயின் தரும் பெரிய வசதியே அந்த ஆயுள்தான். பீப்பாயில் இருக்கிற சரக்கு வியாபாரிக்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பீப்பாய்க்கும் பணம் வேண்டும், விற்க இடமும் வேண்டும். நாசிக்கில் தோட்டத்துக்கே ஆட்களை வரவழைத்து, ருசி பார்க்கக் கொடுத்து விற்கிறார்கள். இங்கே 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. குடி பெருகுமே என்று அஞ்சுகிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை.

என் வழக்கு கதையைப் பற்றியது. நாராயண்காவில் இண்டேஜ் கம்பெனி நாசிக்குக்கு முன்பே, 1980-களில், ஒயின் செய்தது. 2010-ஐ ஒட்டிக் கடனில் நொடித்துப்போயிற்று. ஒயின் விற்பனை சரிந்த அந்த வருஷங்களில் சிறு விவசாயிகள் பலர் ஒயின் கொடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். சிறிய பழம், தடித்த தோல், உள்ளே விதை. தட்டில் வைத்தால் யார் வாங்குவார்கள்?

கொடி பிடுங்கியவர்களும் துணிந்தவர்கள்தாம், உழைத்தவர்கள்தாம். அவர்களை விட்டுவிட்டு எழுதினால் துணிச்சல் ஒன்றே ஜயித்தது என்று வாசகர் நம்பிவிடுவார். அதை நம்பி நிலத்தை அடகு வைப்பவரும் இருப்பார். அடுத்த வெற்றிக் கதையை எழுதுகிறவர், கதாநாயகனின் கணக்குப் புத்தகத்தையும் ஒரு பக்கம் திறந்து காட்டட்டும். அவன் பெருமை அதனால் குறைந்துவிடாது.